நாளைக்குப் பேசிக்கலாம்

செவ்வரளி நகரில் செவ்வரளி கிடையாது. முன்னே இருந்ததாம், அதை வேரோடு வெட்டிப் போட்டுவிட்டுத்தான் நகரைக் கட்டினார்கள், வெட்டிய பாவத்துக்குப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பாளையங்கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மூன்று பிளாக், நடுவில் ஒரு பிள்ளையார், பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு சமுதாயக் கூடம், கூடத்துக்குப் பின்னால் இருப்பதாக யாரும் ஒத்துக்கொள்ளாத ஒரு சாக்கடை. அங்கே எல்லாரும் பேசுவார்கள். பால் வாங்கப் போகும்போது பேசுவார்கள், பால் பொங்கும்போதும் அடுப்பை அணைக்காமல் பேசுவார்கள், பல் தேய்த்தபடி பால்கனியில் நின்று நுரையோடு பேசுவார்கள், பேசுவதற்கு விஷயம் தீர்ந்துவிட்டால் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பதைப் பற்றி மத்தியானம் வரைக்கும் பேசுவார்கள்.

அத்தனை பேச்சுக்கு நடுவில் பேச்சே விழாத ஒரு ஆள் உண்டென்றால் அது பி பிளாக் மாடியில் வாடகைக்கு இருந்த செண்பகவடிவு. வாயில்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். கோவில்பட்டியில் படிக்கிற காலத்தில், பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, தலைமையாசிரியையின் குரலில், அந்த அம்மாளின் மூக்கடைப்பு உட்பட, "இன்னைக்கு ஸ்கூல் லீவு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று சொல்லி, முழுப் பள்ளிக்கூடத்தையும் இரண்டு வாத்தியார்களையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தவள் அவள். ஆனால் செவ்வரளி நகருக்குக் குடிவந்த அன்றைக்கு, "ஒங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்காவ?" என்று எல்லாரும் கேட்கிற முதல் கேள்விக்கு, "அவர் இல்லாம இருக்கணும்னுதான் இங்க வந்திருக்கேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பிறந்தநாள் கேக் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டு வரும், அவள் கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் தீர்ந்துபோகும். சில தடவை தட்டு நிறைய இருக்கும்போதே தீர்ந்துபோகும்.

அவள் ஒன்றும் அதற்காக அழுதுகொண்டிருக்கவில்லை. கூரியர் ஆபீஸில் பார்சலை எடைபோடுகிற வேலை, சாயங்காலம் வந்தால் தன் பூட்டுக்குத் தன் சாவி. கதவைச் சாத்திவிட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று சங்கத் தலைவரைப் போலப் பேசிப் பார்ப்பாள், கீரைக்காரரைப் போலக் கூவிப் பார்ப்பாள், சிரிப்பு வந்தால் தானே சிரித்துக்கொள்வாள். முந்தி இருந்த வீட்டில் சாவி புருஷன் இடுப்பில் இருந்தது. அதற்கு முந்தி அப்பாவின் இடுப்பில். பிறந்ததிலிருந்து அவளுக்கென்று ஒரு சாவி கிடைத்தது இந்த வீட்டில்தான்.

இப்படி இருக்கையில் பொங்கல் விழா வந்தது. விழா முடிகிற நேரம், 'குடியிருப்போர் கருத்து' என்று ஒரு ஐந்து நிமிஷம். பி பிளாக் மாடிப்படி விளக்கு எரியாமல் மாசக்கணக்காகிறது, இருட்டில் கால் வழுக்குகிறது, அதைச் சொல்லலாம் என்று வடிவு எழுந்து போனாள். மைக்கைக் கையில் வாங்கி, "வணக்கம்" என்று 'வ'வுக்கு வாய் திறந்தாளோ இல்லையோ, சங்கத் தலைவர் சங்கரவேலாயுதம் நடுவில் புகுந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; தன் வீட்டுக் குழம்பில் உப்பில்லை என்பதைக்கூட "அதாகப்பட்டது" என்று ஆரம்பித்துத்தான் சொல்வார்.

"அதாகப்பட்டது, நேரத்தின் அருமை கருதி, அம்மா அவர்கள் நாளைக்குப் பேசிக்கலாம்" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரிடம் தினமும் சொல்லுகிற வார்த்தைதான். எல்லாத் தடவையும் காற்றோடு போகும். அந்தத் தடவை போகவில்லை, அவ்வளவுதான். வடிவு வீட்டுக்கு வந்து, "போங்கடா" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். வாய் அசைந்தது. தொண்டைக்குள் அதிர்ந்தது. சத்தம் வரவில்லை. மறுநாள் அதே நேரம், பந்தல் பிரிக்கிறவர்கள் மூங்கிலை உருவிக்கொண்டிருந்தபோது, மேடை இருந்த வெற்றிடத்தில் இருந்து, "வணக்கம். பி பிளாக் மாடிப்படி லைட்டு எரியல" என்று தெளிவாக ஒரு பெண்குரல் கேட்டது.

"ஏல, மைக்செட்டை இன்னும் அமத்தலையா?" என்று ஒருத்தன் கேட்க, இன்னொருத்தன் பிளக்கைத் தேடிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து வடிவு இன்றைக்குப் பேசுவது, நாளைக்கு அதே நேரம், அவள் நின்று பேசிய அதே இடத்தில் கேட்டது.

இதைச் செவ்வரளி நகர் கண்டுபிடிக்கச் சித்திரை மாசம் ஆகிவிட்டது. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர்க் குழாயடியில் அவள் நேற்றுச் சொன்ன "சாப்பிட்டாச்சா?" இன்றைக்குக் கேட்கும், அங்கே நிற்கிறவள், "ஆச்சுக்கா, இட்லிதான்" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்குவாள். கூரியர் ஆபீஸில் நேற்றைய "பின்கோடு சொல்லுங்க" இன்றைய ஆளுக்கும் பொருந்தியது. "இதுக்குள்ள உடையுற சாமான் இருக்கா?" என்பதும் பொருந்தியது. மனுஷன் ஒரு நாளில் பேசுகிற பேச்சில் முக்கால்வாசியை எந்தக் கிழமைக்கு வேண்டுமானாலும் எடுத்து மாட்டலாம் என்பது அப்போதுதான் வடிவுக்கே தெரிந்தது.

கீரைக்காரர் மாசானம்தான் முதலில் பிடித்தார். அவள் வாசலில் நின்று வாயசைத்தபோது எதுவும் கேட்கவில்லை, மறுநாள் அவள் இல்லாத வாசல் "ஒரு கட்டு அரைக்கீரை, முத்தலா இல்லாம" என்றது. மாசானம் சைக்கிளை நிறுத்தினார், ஒரு கட்டைக் கதவில் செருகினார், "முத்தலாம்ல! நான் என்னைக்கு முத்தலா குடுத்தேன்?" என்று கதவோடு சண்டை போட்டுவிட்டுப் போனார். வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாத எந்த அதிசயத்தோடும் அவருக்குத் தகராறு கிடையாது.

பிறகு எல்லாருக்கும் தெரிந்தது, எல்லாரும் அவரவர் வழியில் உதவினார்கள். ஏ பிளாக் ஞானசௌந்தரி டீச்சர், "இது ஒண்ணுமில்ல, அயோடின் குறைச்சல்" என்று தன் வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொன்னார். காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "ஆ சொல்லுங்க" என்றார், அவள் சொன்னாள், "சத்தமா" என்றார், அவள் கத்தினாள், "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் அவருடைய அறையில் தொண்டை பார்க்க உட்கார்ந்திருந்த பெரியவர் வாய் திறக்கும் முன்னாலேயே பயங்கரமாக ஒரு 'ஆ' கேட்டதும் அவருக்குத் தொண்டைவலி நின்றுபோனது, டாக்டருக்குப் பேர் கிடைத்தது. பிள்ளையார் கோயில் பூசாரி ஒன்பது எலுமிச்சம்பழம் கேட்டார். சங்கத் தலைவரோ, "எதுவானாலும் எழுத்து மூலமாகக் கொடுக்கவும்" என்றார். அவளும் எழுதிக் கொடுத்தாள். சமுதாயக் கூடத்து மேசையின் ஒரு கால் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது, அந்தத் தாளை மடித்து அடியில் வைத்ததும் நின்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுக்குக் கிடைக்காத மரியாதை அவள் குரலுக்குக் கிடைத்தது. படியில் அவள் ஏறினால் யாரும் ஒதுங்க மாட்டார்கள். அவள் குரல் படியில் கேட்டால், "வடிவு நேத்து இங்க வந்திருக்கா" என்று சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் அவள் குரல் விழுகிற இடங்களில் போய் நின்று நனைகிற மாதிரி விளையாடினார்கள்.

அப்புறம் பிரம்மசக்தி வந்தாள்.

பிரம்மசக்தி சங்கச் செயலாளர் ஆறுமுகநயினாரின் மனைவி. பி பிளாக்கில் கீழ்வீடு. வருஷா வருஷம் பொங்கல் பலகாரப் போட்டியில் தேங்காய்ப்பால் முறுக்குக்கு முதல் பரிசு. நகரில் எந்தப் பெண்ணும் அவளைக் கேட்காமல் பட்டு எடுக்க மாட்டாள். அவள் ஒரு நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் வற்றல் எடுக்கப் போனவள், விளக்கெரியாத மாடிப்படித் திருப்பத்தில் வடிவு காற்று வாங்க உட்கார்ந்திருப்பது தெரியாமல் காலை மிதித்துவிட்டாள்.

"ஏட்டி, ஆளு இருக்கேன்னு ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?" என்றாள், பிறகு ஞாபகம் வந்து, "ஓ" என்றாள். கால் வலித்ததோ என்னவோ, அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பேசினாள். முதலில் வற்றல் பற்றி. பிறகு முட்டிவலி பற்றி. வடிவு ஏதோ பதில் சொன்னாள், அது கேட்கவில்லை. எதிர்ப்பேச்சு இல்லாமல் ஒரு பேச்சு இவ்வளவு தூரம் போகும் என்பது பிரம்மசக்திக்குப் புதுசாக இருந்தது. மறுநாளும் வந்தாள். இருட்டில் முகம் தெரியாது, யார் பார்த்தாலும் வற்றல் எடுக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். வாரம் போக, மாசம் போக, வற்றல் காலம் போய் மழைக்காலம் வந்த பிறகும் வற்றல் எடுக்க வந்தாள்.

வடிவு வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கலாம். ஆனால் அவளிடம் ஒரு மனுஷி உட்கார்ந்து பேசி எத்தனை காலம் ஆகிறது! "அப்படியா மதினி?" என்றாள், "அய்யோ பாவம்" என்றாள், "அப்புறம்?" என்றாள். எல்லாம் சத்தமில்லாமல். எல்லாம் மறுநாள் அதே படியில் அதே நேரத்தில் சத்தத்தோடு. அந்த நேரத்தில் அங்கே பிரம்மசக்தி இருப்பாள், தன் நேற்றைய பேச்சுக்கான பதிலைக் கேட்டுவிட்டு இன்றையதை ஆரம்பிப்பாள். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, பிரம்மசக்தி தன் தங்கை வீட்டுச் சடங்குக்கு அம்பாசமுத்திரம் போன அன்றைக்கு வரை.

அன்றைக்குச் சாயங்காலம், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதென்று செயலாளர் ஆறுமுகநயினார் மாடிப்படி ஏறினார். திருப்பத்தில் காலை வைத்ததும் இருட்டு அவரிடம் பேசியது.

"அட, அந்த முறுக்கு வண்ணாரப்பேட்டைக் கடையில வாங்குனதா மதினி? அண்ணாச்சி வருசா வருசம் 'எங்க வீட்டுக் கைப்பக்குவம்'னு மைக்ல சொல்லுதாவளே!"

செயலாளர் நின்றார்.

"எதை, பஞ்சா? அண்ணாச்சி சங்கக் கூட்டத்து மினிட்ஸ் வாசிச்சுக் காட்ட ஆரம்பிச்சா காதுல பஞ்சு வச்சுக்கிடுவியளா?" இருட்டு சிரித்தது. "அதான் அவுக கேக்கதுக்கெல்லாம் நீங்க 'ஆமா'ங்கியளா?"

தொட்டித் தண்ணீர் படிவழியாக இறங்கி வந்து செயலாளரின் காலை நனைத்துக்கொண்டு போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பிரம்மசக்தி ஊரிலிருந்து திரும்பி வந்தபோது செய்தி மூன்று பிளாக்கையும் சுற்றிவிட்டு அவளுக்காக வாசலில் காத்திருந்தது. அவள் மாடிப்படியில் வடிவைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். இருட்டுத் திருப்பத்தில் அப்புறம் வடிவு தனியாக உட்கார்ந்தாள், "மதினி, நான் வேணும்னு செய்யல" என்று தினமும் சொன்னாள், அது தினமும் மறுநாள் யாருமில்லாத படிக்குக் கேட்டது.

நகர் விழித்துக்கொண்டது. இன்றைக்கு முறுக்கு, நாளைக்கு என்ன? ஒவ்வொருவரும் வடிவு எங்கே எப்போது நின்று எதற்குப் பதில் சொன்னாள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். தான் அவளிடம் ஒன்றுமே சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்த பிறகும் அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. சங்கம் அவசரப் பொதுக்குழு கூட்டியது: ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, சமுதாயக் கூடம், பொருள்: குடியிருப்பின் அமைதிக்குக் குந்தகம், வாடகைதாரரை வெளியேற்றக் கோருதல். வீட்டுச் சொந்தக்காரர் மஸ்கட்டில் இருந்தார். "சங்கம் என்ன சொல்லுதோ அதான்" என்று சொல்லிவிட்டார்.

வடிவு நோட்டீஸைக் கதவில் பார்த்தாள். பாளையங்கோட்டையில் வேறு வீடே இல்லையா என்றால் இருந்தது. எல்லா வீட்டு வாசலிலும் அதே முதல் கேள்வி நின்றுகொண்டிருந்தது. இங்கேயிருந்து போனால் கோவில்பட்டிதான். அங்கே சாவி இன்னும் அப்பாவின் இடுப்பில்தான் தொங்குகிறது.

வியாழக்கிழமை முழுக்கக் கவலைப்பட்டாள். வெள்ளிக்கிழமை ஒரு பார்சலை எடைபோட்டுக்கொண்டிருக்கும்போது, நேற்றைய "பின்கோடு சொல்லுங்க"வுக்கு இன்றைய ஆள் பின்கோடு சொன்னான். வடிவுக்குப் பள்ளிக்கூடத்துச் சுவர் ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது. சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்துக்குப் போனாள். நாற்காலிகள் மறுநாளைக்காகப் போட்டிருந்தன, ஆள் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். செவ்வரளி நகரின் எந்தக் கூட்டமும் எப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? மற்றவர்கள் பேசினார்கள், அவள் கேட்டாள். இத்தனை வருஷமாக அதுதானே வேலைப் பிரிவினை. தலைவர் எத்தனை மணிக்கு இருமுவார், இருமலுக்குப் பின் எந்த வரி வரும், செயலாளர் எந்த இடத்தில் கண்ணாடியைத் துடைப்பார், டீச்சர் எப்போது "நான் பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்று ஆரம்பிப்பார் என்பதெல்லாம் மனப்பாடம். தன் பதில்கள் நாளைக்குச் சரியான நேரத்தில் விழ வேண்டுமே என்பதற்காக அவர்களுடைய பேச்சையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். மேடையைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. தலைவரின் இடத்தில் போய் நின்றாள், வேட்டி நுனியைப் பிடிக்கிற மாதிரி சேலையைப் பிடித்தாள், அவருடைய குரலிலேயே முழு வீச்சில் ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் தன் நாற்காலிக்கு ஓடிவந்து தன் குரலில் பதில். அப்புறம் செயலாளர் இடத்துக்கு. அப்புறம் இங்கே. கூடம் முழுக்க ஓடி ஓடி, வேர்த்து விறுவிறுத்து, ஒரு சத்தமும் இல்லாமல், ஒருத்தியே ஒரு பொதுக்குழுவை நடத்தி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். பிரம்மசக்தி எல்லாருக்குமாகத் தூக்குவாளியில் டீ கொண்டுவந்து மூலையில் வைத்துவிட்டு, வடிவைப் பார்க்காமல் முன்வரிசையில் உட்கார்ந்தாள். வடிவு கடைசி வரிசையில், மடியில் வறுகடலைப் பொட்டலத்தோடு, இன்றைக்கு வாயைத் திறப்பதில்லை, கடலைக்குத் தவிர, என்ற தீர்மானத்தோடு உட்கார்ந்தாள்.

தலைவர் எழுந்தார். வேட்டி நுனியைப் பிடித்தார். வாயைத் திறந்தார்.

"அதாகப்பட்டது," என்றது கூடம், அவருடைய குரலில், "அன்பார்ந்த செவ்வரளி நகர் வாழ் பெருமக்களே, தாய்மார்களே, (இருமல்) நாமெல்லாம் ஒரே குடும்பம்."

தலைவர் திகைத்தார். இன்னும் இருமவே இல்லையே என்று யோசித்தார். ஆனால் பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு சொல்கூட அவர் சொல்லாததாக இல்லை. கொஞ்ச நேரத்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டார். முடிவில் ஜனங்கள் பழக்கத்தில் கைதட்டினார்கள், அவரும் கும்பிட்டார்.

"ஒரே குடும்பம்னு சொன்னிய அண்ணாச்சி," என்று கடைசி வரிசையில் இருந்து வடிவின் குரல் எழுந்தது. வடிவு கடலையை மென்றுகொண்டிருந்தாள். "குடும்பத்துல ஒருத்தி பேச வந்தா நாளைக்குப் பேசுன்னு சொன்னது ஆரு? நாளைக்குத்தான பேசுதேன். நீங்க சொன்னபடி கேக்கதுக்கா வீட்டை விட்டுப் போவச் சொல்லுதிய?"

கூடம் திரும்பிப் பார்த்தது. யாரோ 'ம்' கொட்டினார்கள்.

செயலாளர் எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். அவருடைய குரல் அவருக்கு முன்னால் கிளம்பி, துணைவிதி, உட்பிரிவு, தனிமனித ரகசியம் என்று போனது. அவர் கண்ணாடியை மாட்டுவதற்குள் முடிந்தும்விட்டது. வடிவின் குரல் சொன்னது: "ரகசியத்தை நான் சொல்லல அண்ணாச்சி. நான் பதில்தான் சொன்னேன். என்கிட்ட யாராவது பேசுனா பதில் சொல்லணும்னு எங்க வீட்ல வளத்துட்டாவ."

இப்போது நாலைந்து பேர் சிரித்தார்கள். மாசானம் ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், "நியாயந்தான" என்றார். டீச்சர் பேசக் கூடாதுன்னுதான் இருந்தவர், அவருடைய குரல் ஆரம்பித்துவிட்டதைக் கேட்டு, எழுந்திருக்காமலே இருந்துவிட்டார். காற்று மாறிவிட்டது. வடிவுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி.

பிரம்மசக்தி எழுந்தாள்.

முந்தானையை இழுத்துச் செருகினாள், திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். வடிவு நேற்றைக்கு அவளுக்காகப் பேசி வைத்திருந்த குரல், அச்சு அசல் அவளுடைய குரல், மூக்கு உறிஞ்சலோடு கிளம்பியது.

"புருசன்கூட வாழத் தெரியாதவளுக்கு இங்க என்ன வேலை? ஒழுங்கா குடும்பம் நடத்துத பொம்பளையா இருக்க எடம் இது."

ஆனால் பிரம்மசக்தியின் உதடுகள் அதைச் சொல்லவில்லை. வடிவு பார்த்தாள். தன் உதடுகளைத் தானே கண்ணாடியில் மாசக்கணக்காகப் பார்த்தவளுக்குச் சத்தமில்லாத பேச்சு அடையாளம் தெரியாதா? உதடுகள் வேறு எதையோ சொல்லின, கொஞ்சம்தான் சொல்லின, அது கூடத்தை நிறைத்த அந்தப் பொய்க்குரலுக்கு அடியில் சிக்கி ஒருவருக்கும் கேட்காமல் போயிற்று. பிரம்மசக்தி தன் தொண்டையைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

வடிவு எழுந்துவிட்டாள். நேற்றைய வடிவு நிற்கவில்லை.

"ஒழுங்கா குடும்பம் நடத்துதவிய," என்றது அவள் நாற்காலி, வெட்டுகிற மாதிரி, நேற்றைக்குச் சொல்லும்போது எவ்வளவு ருசியாக இருந்ததோ அவ்வளவு ருசியாக, "எதுக்கு மதினி தினமும் இருட்டுல வந்து என் பக்கத்துல உக்காந்து அழுதிய?"

சற்று முன் சிரித்த கூடம் இதற்குச் சிரிக்கவில்லை. செயலாளர் தன் மனைவியைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிரம்மசக்தி யாரையும் பார்க்கவில்லை. நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். வடிவு வறுகடலை சிதற ஓடிவந்து வழியில் நின்று, கையை ஆட்டி, வாய் கிழியக் கத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. பிரம்மசக்தி அவளைத் தாண்டிப் போனாள்.

அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள். ஒரு கை வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. அந்த ஒரு கை எழுந்து வீட்டுக்குப் போயிருந்தது.

தலைவருக்கு இப்போது தன் குரல் கிடைத்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் நீளமாகத் தொண்டையைச் செருமினார். "அதாகப்பட்டது, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இதை மஸ்கட்டில் உள்ள வீட்டு உரிமையாளருக்கு யார் போன் செய்து தெரிவிப்பது என்பதை, டீ ஆறுவதைக் கருதி, நாளைக்குப் பேசிக்கலாம்."

திங்கட்கிழமை வடிவு ஆபீஸுக்குப் பெர்மிஷன் போட்டுவிட்டுச் சமுதாயக் கூடத்துக்குப் போனாள். கூடம் பூட்டியிருக்கும், தன் கத்தல் பூட்டிய கதவுக்குள் தனியாகக் கத்தி ஓயும், வெளியில் நின்றாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே பிரம்மசக்தி நின்றாள். கையில் நேற்று விட்டுப்போன தூக்குவாளி. அதை எடுத்துக்கொண்டு போக ஒரு நிமிஷம் போதும். அவள் எடுத்துக்கொண்டு போகாமல் நின்றாள். வடிவு வாசலில் நின்றாள்.

அந்த நேரம் வந்தது. நடுக்கூடத்தில் இருந்து குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"மதினி! அது நீங்க இல்ல மதினி, நான்! ஒங்க கொரல்ல நாந்தான் பேசி வச்சேன்! நீங்க வைவியன்னு நெனச்சுட்டேன். ஒங்க வாயி வேற என்னமோ சொல்லிச்சு, எனக்குக் கேக்கல. என்ன சொன்னிய? மதினி, போவாதிய, என்ன சொன்னிய?"

குரல் நின்றது. சிதறிய வறுகடலை இரண்டு, பெருக்கப்படாமல், அங்கேயே கிடந்தது.

பிரம்மசக்தி வாசல்பக்கம் திரும்பவில்லை. குரல் வந்த இடத்தைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"என்னத்த சொன்னேன். 'இவளையும் அனுப்பிட்டா நான் ஆருட்ட பேச?'ன்னு கேட்டேன். அவ்வளவுதான்." தூக்குவாளி மூடியைத் திறந்தாள், உள்ளே ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு மூடினாள். "வீடு நெறைய ஆளு, நகர் நெறைய ஆளு. கேட்டியா, அந்தப் படியில லைட்டு எரியாததுனாலதான் நான் வந்து உக்காந்தேன். அதைப் போடச் சொல்லி மைக் முன்னால போயி நின்னவ நீ."

வடிவு வாயைத் திறந்தாள்.

"இப்பச் சொன்னா எனக்கு எப்படிட்டி கேக்கும்?" என்று பிரம்மசக்தி இப்போதுதான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, மூக்கை உறிஞ்சினாள். "சரி, சொல்லு. சொல்லி வையி. நாளைக்கு வாறேன்."

வடிவு சொன்னாள். கையையும் தலையையும் ஆட்டி நிறையச் சொன்னாள். பிரம்மசக்தி ஒன்றும் கேட்காமல், முடிகிற வரைக்கும் நின்று, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஸ்கட்டுக்கு யார் போன் போடுவது என்பது செவ்வரளி நகரில் இன்னும் முடிவாகவில்லை. தலைவர் செயலாளரைப் பார்க்கிறார், செயலாளர் தலைவரைப் பார்க்கிறார், நேரத்தின் அருமை கருதி இருவரும் அதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வடிவின் பூட்டில் வடிவின் சாவிதான் இன்னும் திரும்புகிறது. பிறந்தநாள் கேக் இப்போதும் அவள் கதவுக்குப் பக்கத்தில் வந்து தீர்ந்துபோகிறது; சில தடவை பிரம்மசக்தியின் கதவுக்குப் பக்கத்திலேயே தீர்ந்துபோகிறது, படியில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுகிற பொம்பளை என்று அவளுக்கும் ஒரு பேர் விழுந்தாயிற்று.

போன வாரம் ஒரு சாயங்காலம் செயலாளர் ஆறுமுகநயினார், பல காலப் புகாருக்கு ஒரு முடிவு கட்டுவது என்று, ஒரு புது பல்பை வாங்கி, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பி பிளாக் மாடிப்படி ஏறினார். பாதியில் நின்றார். மேலே இருட்டில் தலைவரின் குரல், "அதாகப்பட்டது, இந்த முறுக்கானது" என்று இருமிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுத் தன் மனைவி, மூச்சு முட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருடைய கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் எங்கேயோ தொலைந்துபோனது. அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பல்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்டூல் சுவரில் இடிக்காமல், மெதுவாக இறங்கினார்.

"நாளைக்கு மாட்டிக்கிடலாம்" என்றார், யாருக்கும் கேட்காமல்.